மர்சூக் நானாவின் மழைச் சட்டம்

செய்தி வந்தபோது காலை பத்து மணி கழிந்திருந்தது. கண்டி நில அளவைக் கந்தோரின் மேல்மாடியில், ஜன்னலோரத்து மேசையில் குனிந்து, ராஜரத்தினம் ஓர் ஓடையின் கரைக்கு மை போட்டுக்கொண்டிருந்தார். குடைக்கடையில் வேலை செய்யும் ஆள் படியேறி வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"மர்சூக் மொதலாளி சுபஹோட மௌத்தாயிட்டார். அவர்ட தம்பி நளீர் மொதலாளி ஒங்களுக்குச் செல்லச் சென்னார். பின்னேரம் அஸருக்கு அடக்க எடுக்கிற."

ராஜரத்தினம் பேனாவை வைக்கவில்லை. இடையில் நிறுத்தினால் கோட்டில் முடிச்சு விழும். ஓடை பெரிய ஆற்றோடு சேரும் இடம்வரை இழுத்து முடித்த பிறகே நிமிர்ந்தார். அதற்குள் அந்த ஆள் போய்விட்டிருந்தான்.

தலைமைக் கிளாக்கர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஆர் மோசம் போனது? சொந்தமே?"

"சொந்தமில்லை ஐயா."

"கந்தோர் ஆளோ?"

"இல்லை. திருகோணமலை வீதியிலை குடைக்கடை வைச்சிருந்தவர்."

"குடைக்கடைக்காரன் செத்ததுக்கு அரை நாள் லீவோ?"

"அவரோடை நான் பன்னிரண்டு வருசம் சண்டை பிடிச்சனான் ஐயா."

கிளாக்கர் லீவுப் புத்தகத்தைத் திறந்தார். "அப்ப சந்தோசமாய்ப் போயிட்டு வாரும்" என்றார்.

ராஜரத்தினம் சொன்னதில் பொய் இல்லை. பன்னிரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் மர்சூக்கின் கோட்டைகளை முற்றுகையிட்டிருந்தார். மர்சூக் அவருடைய பாலங்களை உடைத்திருந்தார். ஆனால் கடைசி ஐந்து வருடம் அந்தச் சண்டையும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மர்சூக் நானா மேசையை விட்டு எழுந்தார்; பிறகு அந்தக் கதிரையில் அவர் உட்காரவே இல்லை. ஏன் என்று ராஜரத்தினம் கேட்கவில்லை. தோற்கப்போகிறோம் என்று கண்டு எழுந்துவிட்டார் என ஒரு பதிலைத் தானே செய்து வைத்துக்கொண்டு அதோடு காலம் தள்ளினார். அந்தப் பதில் சரிதானா என்று கேட்டுப் பார்க்க எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. இப்போது படியிறங்கிப் போகையில், கேட்பதற்கு ஆளே இல்லை என்பது அவருக்குக் கால்வழியாக ஏறியது.

அண்ணன் முறை வைத்து எல்லாரும் நானா என்று கூப்பிட்ட மர்சூக், திருகோணமலை வீதியில், கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலேயே பிறந்தவர். அவருடைய தகப்பன் பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றித் தெல்தெனியப் பக்கம் போய்வந்த வியாபாரி. மகனுக்கு அந்த அலைச்சல் பிடிக்கவில்லை. கண்டியில் வருடத்தில் பாதி நாள் மழை. குடை விற்கிறவன் எங்கேயும் போகத் தேவையில்லை என்று கணக்குப் போட்டார். கணக்குப் பிழைக்கவில்லை. சீமைக் குடையும் விற்றார், உடைந்த குடையும் தைத்தார். ஒரு குடைக்கம்பியை வாயில் கடித்துக்கொண்டு இன்னொன்றை வளைத்தபடி ஆட்களோடு பேசுவார். அந்த நிலையில் அவர் சொல்வது ருக்கியாவுக்கு மட்டுந்தான் விளங்கும் என்பார்கள். ருக்கியா அவர் மனைவி. ஒரே மகள் கைரியாவை வத்தேகமவில் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. வீதியில் அவரோடு எவ்வளவும் வாதாடலாம். கடை வாசலில் பேரம் பேசலாம், அவரும் விட்டுக்கொடுக்காமல் பேசுவார். ஆனால் கடையைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைத்தவனிடம் 'இல்லை' என்ற சொல் அவர் வாயிலிருந்து வராது. ஒருமுறை வேறொரு கடையில் குடை வாங்கிய மனிதர், மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தவர், அந்தக் குடை ஒழுகுகிறது என்று இவரிடமே குறைப்பட்டுக்கொண்டார். மர்சூக் அதை வாங்கித் தைத்துக் கொடுத்து, "நல்ல கடைதான் அது, தையல்காரன் மட்டும் புதுசு போல" என்று போட்டிக்காரனுக்காகவும் பரிந்து பேசி அனுப்பினார்.

சண்டை தொடங்கியது பெரிய யுத்தம் முடிந்த அடுத்த வருடம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பதில். ராஜரத்தினம் அப்போது கல்லூரிப் படிப்பு முடித்து, யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்து, அம்பிட்டியவில் ஒரு சிறிய வீட்டில் வாடகைக்கு இருந்த இளம் உத்தியோகத்தர். கையில் ஒடிந்த குடையோடு கடைக்குள் நுழைந்தார். பின்னறையில் குடைத்துணி வெட்டும் நீண்ட பலா மேசை. அதன்மேல் ஈயத்தில் வார்த்த சிப்பாய்கள் ஒரு குவியல். வத்தேகமவிற்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைத் துரை ஊருக்குத் திரும்பியபோது சாமான்களை ஏலம் போட்டார்கள். கைத்தடிகளும் குடைகளும் நிறைந்த ஒரு தகரப் பெட்டியை மர்சூக் எடுத்தார். அடியில் இந்தச் சிப்பாய்கள் கிடந்தார்கள். ஏலத்தைப் பற்றிச் சொல்லி, பெட்டியைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து சேர்த்தவர் அதே தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கறுப்பையா.

"இத வெச்சு என்னங்க பண்றது, உருக்கிட்டா ஈயமாவது மிஞ்சும்" என்றார் கறுப்பையா.

"பாவம். இவ்வளவு தூரம் வந்தீக்கிறாங்க, ஒரு சண்டையாவது புடிக்கட்டும்" என்றார் மர்சூக்.

ராஜரத்தினம் அடுத்த ஞாயிறு ஒரு மெழுகுத்துணியில் கண்டி மலைகளையும் மகாவலியையும் வரைந்து கொண்டுவந்து மேசையில் விரித்தார். சிவப்புச் சட்டைக்காரர் மர்சூக்கின் படை. நீலம் ராஜரத்தினத்தின் படை. வர்ணம் உரிந்துபோய் எந்தப் பக்கமும் சொல்ல முடியாதவர்கள் கறுப்பையாவுக்கு. காலாள் ஒரு முறைக்கு அரைக் குடைக்கம்பி நீளம் போகலாம், குதிரை முழுக் கம்பி. இரண்டு படை முட்டினால் தலைக்குத் தலை கழித்து மிஞ்சியவன் நிற்பான். மேட்டில் நிற்பவனுக்கு ஓர் ஆள் கூடுதலாகக் கணக்கு. அவ்வளவுதான். அதிர்ஷ்டம் என்பதற்கு அந்த மேசையில் இடமே இருக்கவில்லை, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று இரண்டாம் வாரம் தானாக வந்தது. நீலப்படை ஆற்றைக் கடந்து பாதி வழி வந்திருந்தபோது கூரைத் தகரத்தில் மழை விழுந்தது. முன்கடையில் ஆட்கள் குடை கேட்டுக் கூப்பிட்டார்கள். மர்சூக் எழுந்தார். "படை நிக்கட்டும் தம்பி, வந்துர்றேன்." அரை மணி கழித்து நனைந்த கையோடு திரும்பியபோது நீலச் சிப்பாய் ஒருவனும் அசைந்திருக்கவில்லை. ஆள் இல்லாதபோது அடிப்பது முறையல்ல என்று ராஜரத்தினம் காத்திருந்தார். மறுவாரமும் அப்படியே நடந்தது. அதற்குப் பிறகு அது சட்டமாயிற்று: மழை பெய்தால் படை நகராது.

முதல் துளி விழுந்ததும் மூவரும் மேசையிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள். கடையில் ஆளிருந்தால் மர்சூக் முன்னே போவார். இல்லாவிட்டால் இஞ்சி போட்ட தேநீர் வரும். பிறகு பேச்சு. மழை விட்டபிறகும் பேச்சு விடாத நாட்கள் உண்டு. அன்றைக்குப் படைகள் நின்ற இடத்திலேயே மறு ஞாயிறுவரை நிற்கும். வைகாசியில் தொடங்கிய ஒரு முற்றுகை தைப்பொங்கல்வரை போனதும் உண்டு.

"கணக்கப்பிள்ளை, இண்டைக்கு யார் பக்கம்?" என்று மர்சூக் ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார்.

"யாருங்க சோறு போடுறாங்களோ அவங்க பக்கம்."

"அப்ப என்ட பக்கந்தானே. தம்பி வந்து இத்தன வருசம், ஒரு கடலச் சுருளாவது கொணந்தீக்கிறாரா?"

"சாயம் போனவங்களை நம்பி நானா படை நடத்துறார். பின்னாலை தெரியும்" என்பார் ராஜரத்தினம்.

"சாயம் போனாலும் என் ஆளுங்களுக்குத் தலை இருக்குதுங்க. ஒங்க நீலத்துல பாதிப் பேருக்குத் தலையே இல்ல."

கறுப்பையாவுக்கு அந்த மழைச் சட்டத்தில் தனி மகிழ்ச்சி. தோட்டத்தில் மழை எவ்வளவு கொட்டினாலும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து பறித்தே ஆகவேண்டும். அவர்கள் பின்னால் இவரும் நனைந்துகொண்டு நிற்கவேண்டும். "மழைக்கு லீவு குடுக்கிற ஒரே தொரை நம்ம நானாதான்" என்று சொல்லிக் காலை நீட்டிக்கொள்வார்.

முத்துலிங்கம் வந்தது முப்பத்தோராம் ஆண்டு. கொழும்பில் பட்டப்படிப்பு முடித்துவிட்டுக் கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்க வந்தவர். ராஜரத்தினத்தின் ஊர்ப்பக்கத்து ஆள். அவர்தான் அழைத்து வந்தார். முத்துலிங்கம் நல்ல பிள்ளை. எதையும் நேராகப் பேசுவார், பேசினால் நியாயமாக இருக்கும். ஆறு வாரம் உட்கார்ந்து பார்த்தார். அதில் நான்கு வாரம் மழை.

"ராஜரத்தினம் அண்ணை, நான் ஒண்டு கேக்கிறன். இந்தச் சட்டம் வந்தது நானா கடைக்குப் போகவேண்டி இருந்ததாலைதானே?"

"ஓம்."

"இப்ப கடையிலை நளீர் நானா நிக்கிறார். மழை வந்தாலும் இவர் எழும்பத் தேவையில்லை. காரணம் போயிட்டுது, சட்டம் மட்டும் நிக்குது."

நளீர் மர்சூக்கின் தம்பி; அவர் கடையைப் பார்க்கத் தொடங்கி மூன்று வருடமாகியிருந்தது. அது யாருக்கும் உறைக்கவே இல்லை.

"இன்னொண்டு. திருகோணமலை வீதியிலை மழை பெய்தால் தெல்தெனியவிலை நிக்கிற படை ஏன் நிக்கவேணும்? அங்கை வெயில் எறிக்கும். மழை வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் தனித்தனியாய் மழை வரட்டும். தாயக்கட்டை உருட்டிப் பாப்பம். ஒண்டு விழுந்தால் அங்கை மழை, படை நிக்கும். மற்றதெல்லாம் வெயில்."

அந்த யோசனை எவ்வளவு அழகானது என்பது ராஜரத்தினத்துக்கு உடனே விளங்கியது. இன்னொன்றும் விளங்கியது. அப்போது அவருடைய நீலப்படை மர்சூக்கின் கோட்டையை மூன்று பக்கமும் வளைத்து நின்றது. நாலாவது பக்கத்தை அடைக்க ஒரே ஒரு நகர்வு போதும். வளைத்த பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஒரு நகர்வுக்கு முன்னால் மழை வந்தது. தான் தோற்பதைத் தகரக் கூரை தடுத்துக்கொண்டிருக்கிறது என்று மர்சூக் சிரிப்பதும், வேண்டுமென்றே தேநீரை இன்னொரு முறை ஊற்றுவதும் அவருக்குள் எங்கோ குத்திக்கொண்டே இருந்தது.

"சரியாய்த்தான் சொல்லுறான்" என்றார் ராஜரத்தினம்.

கறுப்பையா காதைச் சொறிந்தார். "எனக்கு ரெண்டும் ஒன்னுதாங்க. லீவு போயிருமேன்னு ஒரு வருத்தம்."

"நானா, நீங்கள் சொல்லுங்கோ. உங்கட மேசை" என்றார் முத்துலிங்கம்.

மர்சூக் கையில் வைத்திருந்த குடைக்கம்பியை மேசையில் வைத்தார். "என்ட ஊடு. என்ட ஊட்டுல நான் கை தூக்கிறது சரியில்ல. நீங்க மூணு பேரும் செல்றதுதான்."

"அப்பிடியெண்டால் உங்களுக்குச் சம்மதம்."

"நல்லதுதானே. புதுசு வந்தா வரட்டும்" என்றார் மர்சூக்.

ராஜரத்தினம் அந்த வார்த்தைகளைப் பிறகு எத்தனையோ முறை திருப்பிப் பார்த்திருக்கிறார். ஒழுகிய குடைக்காரரிடம் பேசிய அதே குரல் அது. உள்ளே வந்தவர்களுக்கென்று அவர் வைத்திருந்த குரல். பன்னிரண்டு வருடம் பழகிய மனிதர் அதை அடையாளம் கண்டிருக்கவேண்டும். காணவில்லை. ஒரு நகர்வு மட்டுமே கண்ணில் நின்றது.

அடுத்த வாரம் அவர் லீவில் ஊருக்குப் போனார். வரும்போது வீட்டிலிருந்த பித்தளைத் தாயக்கட்டைகளைக் கொண்டுவந்தார். அவருடைய தாயும் சின்னம்மாமாரும் பின்னேரங்களில் உருட்டி விளையாடியவை. பிடித்துப் பிடித்து விளிம்பெல்லாம் மழுங்கியிருந்தன. புளி போட்டுத் தேய்த்துப் பொன்போலாக்கி, ஒரு துணியில் சுற்றிக்கொண்டு போனார். நானாவைச் சட்டம் மாற்றத் தூண்டியதற்கு ஈடாக ஏதாவது செய்யவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்ததும் எழுந்துபோய் அவற்றை மர்சூக்கின் உள்ளங்கையில் வைத்தார்.

"முதல் நீங்கள் உருட்டுங்கோ நானா. எங்கட வீட்டுச் சாமான்."

மர்சூக் கையை மூடவில்லை. கட்டைகளைப் பார்த்தார். பாரமான சாமான், நல்ல வேலைப்பாடு என்றார். பிறகு அந்தக் கையை அப்படியே கறுப்பையாவின் பக்கம் நீட்டினார்.

"கணக்கப்பிள்ளைதான் தூரத்தில ஈந்து வாறவர். அவர் மொதல்ல."

கறுப்பையா உருட்டினார். கட்டை பலா மேசையில் கணீரென்று விழுந்து ஓடியது. அவர் பக்கத்துப் பள்ளத்தாக்கில் வெயில். எல்லாரும் சிரித்தார்கள். மர்சூக் தேநீருக்குச் சொல்லிவிட்டு வருவதாக எழுந்தார். உள்ளே போகும்போது, "மாஸ்டர், இண்டைக்கு மட்டும் என்ட ஆக்களை நீங்க நடத்துங்க" என்று முத்துலிங்கத்திடம் சொன்னார்.

அடுத்த வாரமும் இன்றைக்கு மட்டும் என்றார். அதற்கடுத்த வாரம் அப்படிச் சொல்லவும் இல்லை. வாசல்நிலையில் சாய்ந்து நின்று கொஞ்ச நேரம் பார்ப்பார், யாராவது நல்ல நகர்வு செய்தால் தலையாட்டுவார், கட்டை உருளும்போது முன்கடைக்குப் போய்விடுவார். தேநீர் முந்தியபடியே வந்தது. பெருநாள் வந்தால் இனிப்பாக வட்டலப்பமும் வந்தது.

மூன்றாவது வாரம் நீலப்படை கோட்டையைப் பிடித்தது. மர்சூக்கிடம் போய்ச் சொன்னார்கள். "மாஷா அல்லாஹ். ஒரு வழியா என்ட கோட்டையைப் புடிச்சிட்டீங்க தம்பி" என்று ராஜரத்தினத்தின் தோளைத் தட்டினார். ராஜரத்தினம் அன்று வாவியைச் சுற்றி நடந்து வீட்டுக்குப் போனார். தான் பிடித்தது மர்சூக்கின் கோட்டை அல்ல, முத்துலிங்கம் காவல் இருந்த கோட்டை என்ற எண்ணம் வழியெல்லாம் கூடவே வந்தது. அதை ஒதுக்கித் தள்ள, நானா தோல்வியைப் பார்க்கச் சகிக்காமல் ஒளிந்துகொண்டார் என்ற பதில் வசதியாக இருந்தது.

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. புதிய சட்டத்தில் சண்டைகள் விரைவாக முடிந்தன. முடிந்தால் பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் எழுந்து போனார்கள். தேயிலை விலை விழுந்ததால் கறுப்பையாவின் தோட்டத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். இரண்டு பேர் வேலை அவர் தலையில் விழுந்தது, வருவது குறைந்தது. முத்துலிங்கத்துக்குப் பதுளைக்கு மாற்றம் கிடைத்தது. ஒருநாள் ராஜரத்தினம் போனபோது மேசையில் வேறு யாரும் இல்லை. சிறிது நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு யாரும் போகவில்லை. சண்டையை நிறுத்துவோம் என்று யாரும் சொல்லவும் இல்லை.

போன வருடம் ஒரு காலை, கந்தோருக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ராஜரத்தினம் குடை வாங்கக் கடைக்குள் ஏறினார். நளீர் எங்கோ போயிருந்தார். மர்சூக் தானே ஒரு குடையைத் தேர்ந்து விரித்து, சுழற்றிப் பார்த்து, மடித்துக் கையில் கொடுத்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. தகரத்தில் மழை இரைந்தது.

"இப்ப படை நகராது தம்பி. கொஞ்சம் இரிங்களேன்" என்றார்.

"கந்தோருக்கு நேரம் போயிட்டுது நானா. பிறகு ஒரு ஞாயிறு வாறன்."

குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். மர்சூக் விற்ற குடை மழையில் நடப்பதற்கு வசதியாகத்தான் இருந்தது.

செய்தி வந்த அன்று ராஜரத்தினம் போய்ச் சேர்ந்தபோது மர்சூக்கின் வீட்டு வாசலில் ஆண்கள் கூடியிருந்தார்கள். வானம் வெளித்துக் கிடந்தது. அன்று மழைக்கு அறிகுறியே இல்லை. நளீர் வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். பின்னறையில் கிடத்தியிருந்தார்கள். முகத்தைத் திறந்து காட்டினார்கள். வெட்டும் மேசையைச் சுவரோடு தள்ளி, அதன்மேல் பாய்களை அடுக்கியிருந்தார்கள். ராஜரத்தினம் முகத்தைப் பார்த்ததைவிடக் கூடுதலாக அந்த மேசையைப் பார்த்தார்.

பள்ளிவாசலுக்கு எடுத்துப்போனபோது பின்னால் நடந்தார். தொழுகை முடியும்வரை வெளியே நின்றார். மையவாடியில் மூன்று கை மண் போட அவரையும் கூப்பிட்டார்கள். எல்லாம் முடிந்து திரும்பும் வழியில் நளீரும் அவரும் சற்றுப் பின்தங்கி நடந்தார்கள். அவருக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"நளீர், நானாவுக்கு என்னோடை கோவமோ?"

"கோவமா? என்னத்துக்கு?"

"சட்டத்தை மாத்தினதுக்கு. கோட்டையைப் பிடிச்சதுக்கு. ஏன் விளையாட்டை விட்டவர்?"

நளீர் நின்றுவிட்டார். ராஜரத்தினம் கேலி செய்கிறாரோ என்று பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அண்ணன், கட்டை உருட்டிறது எங்கட மார்க்கத்துல ஆகாதே. காசு வெச்சாலும் வெக்காட்டியும் ஆகாது. சின்னப் புள்ளைக்கும் தெரியுமே. ஒங்களுக்குத் தெரியாதா?"

ராஜரத்தினம் கையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார்.

"நான் அண்டைக்கே சென்னேன், ஒரு வார்த்தை செல்லிருங்க நானா எண்டு. உள்ள பொம்புளைகளும் சத்தம் போட்டாங்க, நம்ம ஊட்டுல கட்டைச் சத்தம் கேக்குதே எண்டு. அவர் கேக்கல்ல. அவங்க ஊடுகள்ல அது சாமான்ய வெளயாட்டு, வந்த மனுசன் ஊர்ல ஈந்து ஆசையாக் கொணந்து கையில வெச்சீக்கிறார், நான் எப்பிடி வாணாம் எண்டு செல்ற எண்டார். நீங்களாக் கேட்டா செல்லலாம் எண்டு ஈந்தார். நீங்க கேக்கவும் இல்ல." நளீர் மீண்டும் நடக்கத் தொடங்கினார். "கோவமெல்லாம் இல்ல. ஞாயித்துக்கிழம மழை பெஞ்சா மட்டும் பின்னுக்குப் போய் அந்த மேசையில கொஞ்ச நேரம் குந்தி ஈப்பார்."

அம்பிட்டிய மேட்டில் ஏறும்போது ராஜரத்தினத்தின் மனம் தன் வேலையைச் செய்யத் தொடங்கியது. எதையும் வரைபடமாக்கிப் பார்க்கும் மனம் அது. தெல்தெனியவில் மழையா வெயிலா என்று தீர்மானிக்கத் தாயக்கட்டை ஒன்றுதானா இருந்தது? அந்த ஒரு மணி நேரத்துக்குள் கடையில் எத்தனை குடை விற்றது என்று நளீரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். வீதியில் அடுத்து வருவது வண்டியா காரா என்று பார்த்திருக்கலாம். பழைய சட்டமும் போகாமல், முத்துலிங்கத்தின் நியாயமும் கெடாமல், மர்சூக் கதிரையை விட்டு எழாமல் இருக்க நூறு வழி இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஒன்று தோன்றியது. குடைக் கணக்கு என்று சொன்னால் நானா எப்படிச் சிரித்திருப்பார், விற்பனையைக் கூட்டிச் சொல்லித் தன் கோட்டைக்கு எப்படி மழை வரவழைத்திருப்பார் என்பதுவரை தோன்றியது. அவருக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அடுத்த ஞாயிறு கறுப்பையா செய்தி கேட்டு வந்தார். இருவரும் நளீரைப் பார்க்கப் போனார்கள். நாற்பதாம் நாள் கத்தம் ஓத வரும் ஆட்கள் உட்காரப் பின்னறை தேவை, மேசையை ராஜரத்தினம் எடுத்துக்கொண்டு போனால் உதவி என்றார் நளீர். கடையில் இப்போது தைத்த குடைகள் கொழும்பிலிருந்தே வருவதால் துணி வெட்டும் வேலையும் இல்லை. சிப்பாய்ப் பெட்டியையும் கட்டி வைத்திருந்தார்.

கட்டையைப் பற்றி நளீர் முன்பு சொன்னதை ராஜரத்தினம் கறுப்பையாவிடம் சொன்னார்.

"மொதக் கட்டைய உருட்டுனவன் நாந்தாங்க."

"கையிலை வைச்சது நான்."

"தெரியாமப் போச்சு."

"கேக்காமல் விட்டது. தெரியாமல் போனது வேறை."

கறுப்பையா சிப்பாய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "மழையத் திரும்பக் கொண்டாந்துருவோங்க. நானா வெச்ச மாதிரியே. வாத்தியாருக்கும் சொல்லி வரச் சொல்லுவோம்" என்றார். ராஜரத்தினம் தலையசைத்தார்.

கால்களைக் கழற்றி, பலகையைத் தனியாகக் கட்டி, ஒரு மாட்டுவண்டியில் ஏற்றி அம்பிட்டியவுக்குக் கொண்டுபோனார்கள். பலகை வீட்டுக் கதவுக்குள் நுழைய மறுத்தது. சரித்து, நிமிர்த்தி, கதவையே கழற்றி உள்ளே சேர்த்தார்கள். முன்னறையில் அதைத் தவிர இனி ஒரு கதிரைக்கே இடமிருந்தது. பலகையைக் கவிழ்த்து வைத்துக் கால்களைப் பூட்டத் தொடங்கினார்கள். மூன்று கால்கள் சுலபமாக ஏறின. நாலாவதன் துளைக்குள் பழைய ஆணி முறிந்து சிக்கியிருந்தது. கறுப்பையா கத்தியால் நோண்டினார், கொஞ்சம் அசைந்தது, வரவில்லை. அதற்குள் கடைசி வத்தேகம பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த கிழமை சின்னக் குறடு ஒன்று கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த வாரம் தோட்டத்தில் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. மேசை கவிழ்ந்தபடியே, மூன்று கால்களை மேலே நீட்டிக்கொண்டு கிடக்கிறது. முறிந்த ஆணி இன்னும் துளைக்குள் இருக்கிறது.